இடையன்குடியில் அப்பாவும் கால்டுவெல் ஐயரும்

விமான டிக்கெட் எடுத்த அன்றே அப்பா ஒரு நிபந்தனை போட்டுவிட்டார்.

"ஊருக்கு வரேன். தாத்தா பொறந்த இடத்தைப் பார்க்கணும். ஆனா அந்தப் பாதிரியார் கோயிலுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே."

அப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு. கிள்ளானில் பிறந்து, கிள்ளானிலேயே தாத்தாவின் மளிகைக் கடையை நடத்தி, கடையை மூடி ஓய்வும் பெற்றுவிட்டார். தாத்தா திருநெல்வேலிச் சீமையில், திசையன்விளைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், பனையேறிக் குடும்பத்தில் பிறந்தவர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, தோட்டத்துக் கடை ஒன்றில் கணக்கெழுதி, பிறகு சொந்தக் கடை வைத்தவர். அவர் ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. அப்பாவும் இதுவரை அந்த மண்ணை மிதித்ததில்லை.

"அந்தப் பாதிரியார்" யார் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ராபர்ட் கால்டுவெல். அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது தாத்தாவின் வாயிலிருந்துதான். "நம்ம ஆளுகளப் பத்திக் கேவலமா எழுதிப் புஸ்தகம் போட்டவன்" என்பார். பெயரைக்கூட முழுதாகச் சொல்ல மாட்டார்.

பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குப் படிக்கப் போனபோது, முதல் பருவத்திலேயே அதே பெயர் கரும்பலகையில் வந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரே குடும்பம், சமஸ்கிருதத்திலிருந்து கிளைத்தவை அல்ல என்று 1856ஆம் ஆண்டிலேயே விரிவாக நிறுவிக் காட்டிய அறிஞர். 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' எழுதியவர். சென்னைக் கடற்கரையில் 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகளில் அவருடையதும் ஒன்று. அந்த மாநாடுகளில் முதலாவது 1966இல் நம் கோலாலம்பூரில் நடந்தது என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

வீட்டில் திட்டு வாங்கிய பெயர் வகுப்பில் பாராட்டு வாங்கியது. இரண்டும் ஒரே ஆள்தானா என்று அன்று எனக்குக் குழப்பமாக இருந்தது. இந்தப் பயணத்தில் அதற்கு ஒரு முடிவு காணவேண்டும் என்று உள்ளூர நினைத்திருந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

தேரி மண் வழியே

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நான்கு மணி நேர விமானப் பயணம். அங்கிருந்து திருநெல்வேலிக்குக் காரில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. வயதானவர்களோடு போகிறவர்கள் அன்று இரவு திருநெல்வேலியில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் வெயில் ஏறுமுன் புறப்படுவது நல்லது. திருவனந்தபுரத்தில் இறங்கி நாகர்கோவில் வழியாக வருகிறவர்களும் உண்டு. திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் திசையன்விளைக்குப் பேருந்து இருக்கிறது. இடையன்குடி அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். மலேசியர்களுக்கு இந்திய விசா தேவை என்பதை மறக்க வேண்டாம்.

நாங்கள் போனது மே மாதக் கடைசியில். ஊரை நெருங்க நெருங்க வயல்கள் குறைந்து பனை மரங்கள் கூடின. சாலையோரம் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. சில இடங்களில் மண் செங்கல் பொடி போல் சிவந்து மேடு மேடாகக் கிடந்தது. அதைத்தான் 'தேரி' என்கிறார்கள். காற்று அடிக்கும் பக்கமெல்லாம் அந்த மணல் நகருமாம். இந்த மண்ணில் நெல் எங்கே விளையும்? பனைதான் சோறு போட்டிருக்கிறது.

திசையன்விளையில் என் தம்பி காத்திருந்தான். தாத்தாவின் தம்பி பேரன். தாத்தாவின் குடும்பம் இந்துக்கள். அவருடைய தம்பி குடும்பம் கிறிஸ்தவர்கள். அந்தப் பக்கம் இது சாதாரணம். கல்யாணம், சாவு என்றால் எல்லாரும் ஒரே பந்தலில்தான் இருப்பார்கள்.

"வாங்க பெரியப்பா, சொகமா இருக்கியளா?" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அப்பாவுக்கு உடனே கண் கலங்கிவிட்டது. தாத்தா பேசிய தமிழை அவர் கேட்டு முப்பது வருடங்கள் ஆகியிருந்தன.

போகிற வழியில் தம்பி காரை நிறுத்தினான். ஒருவர் அப்போதுதான் மரத்திலிருந்து இறங்கியிருந்தார். பனையோலையை மடித்துப் பட்டை செய்து, அதில் பதநீர் ஊற்றி, நுங்கைச் சீவிப் போட்டுக் கொடுத்தார். அப்பா இரண்டு பட்டை குடித்தார். பிறகு அந்த மரத்தை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

"ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறுவீங்க?" என்று கேட்டார்.

"இப்ப இருபது ஏறுதேன். எங்கய்யா காலத்துல நாப்பது, அம்பது. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை."

அந்த உழைப்பைப் பற்றித்தான் கால்டுவெல் எழுதினார். அந்த உழைப்பாளிகளைப் பற்றித்தான் அந்தப் புத்தகமும்.

நடந்து வந்தவர்

தாத்தா பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு முருங்கை மரம் நிற்கிறது. அப்பா ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டார். பிற்பகலில் தம்பியின் வீட்டுக்குப் போனோம். தம்பியின் வீடு இடையன்குடியில்தான். அப்பாவின் நிபந்தனைக்கு அங்கேதான் சோதனை வந்தது. அந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கால்டுவெல்தான்.

முதலில் கண்ணில் பட்டவை தெருக்கள். அளவெடுத்துக் கோடு போட்டதுபோல் நேராக, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. சுற்றுவட்டாரத்தில் எந்தச் சிற்றூரும் அப்படி இல்லை. நிலம் வாங்கி, தெரு பிரித்து, கிணறு வெட்டி, மரம் நட்டு ஊரை அமைத்தவர் அவர்தான். ஊர்க்காரர்கள் இன்றும் அவரைக் "கால்டுவெல் ஐயர்" என்றுதான் சொல்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்தவர்கள் குருமார்களை ஐயர் என்று அழைப்பது பழைய வழக்கம்.

அவர் கதை அயர்லாந்தில் தொடங்குகிறது. 1814ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி அங்கே கிளாடி என்ற ஊரில், ஸ்காட்லாந்து வழிவந்த எளிய குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் கிளாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. இளைஞனாக இருந்தபோது டப்ளினில் ஓவியம் படித்தார். பிறகு சமயப் பணிக்கு மனம் திரும்பி, லண்டன் மிஷனரி சங்கத்தில் சேர்ந்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அங்கே கிரேக்க மொழிப் பேராசிரியர் ஒருவரின் வகுப்புகள்தாம் மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையை அவருக்குள் விதைத்தன.

1838 ஜனவரியில் சென்னையில் கப்பலை விட்டு இறங்கியபோது அவருக்கு வயது இருபத்து மூன்று. சென்னையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்து தமிழ் படித்தார். பிறகு ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு மாறி, எஸ்.பி.ஜி. என்ற சங்கத்தின் சார்பில் திருநெல்வேலிக்குப் புறப்பட்டார். அந்தப் பயணத்தைத்தான் ஊர்க்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் பல்லக்கிலும் குதிரையிலும் போன காலத்தில் அவர் நடந்தே வந்தார். தரங்கம்பாடி, தஞ்சாவூர், திருச்சி என்று காவிரிக் கரையைப் பார்த்து, நீலகிரி மலை ஏறி, அங்கே குருப்பட்டம் பெற்று, மறுபடி இறங்கி, மதுரை வழியாகத் தெற்கே நடந்தார். 1841ஆம் ஆண்டின் கடைசியில் இந்தத் தேரிக்காட்டுக்கு வந்து சேர்ந்தார்.

சனங்களின் மொழியையும் வழக்கங்களையும் தெரிந்துகொள்ளத்தான் நடந்தார். ஊருக்கு ஊர் தமிழ் மாறுவதை அவர் காது கேட்டிருக்கும். நமக்கும் இது புரியும். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் 'கன்னு' என்றும், மலையாளி 'கண்ணு' என்றும், நாம் 'கண்' என்றும் சொல்வதைக் கேட்டுத்தானே வளர்ந்தோம்? நாம் கேட்டுவிட்டு விட்டுவிட்டோம். அவர் அதை இலக்கணமாக்கினார்.

அவருக்கு முன்பே, 1816இல், சென்னையில் அதிகாரியாக இருந்த எல்லிஸ் தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்று சொல்லியிருந்தார். ஆனால் சொல்லாக, ஒலியாக, வேர்ச்சொல்லாக, வினைமுற்றாக எடுத்துக்காட்டி விரிவாக நிறுவியவர் கால்டுவெல். சமஸ்கிருதத்தின் துணை இல்லாமலே தமிழ் தனித்து நிற்கவும் வளரவும் முடியும் என்று அவர் எழுதினார். அந்த நூல் 1856இல் லண்டனில் அச்சானது. அதற்கான உழைப்பின் பெரும்பகுதி இந்தச் செம்மண் ஊரில்தான் நடந்தது. அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழ்நாடு அரசு நினைவில்லமாக்கிப் பாதுகாக்கிறது. உள்ளே நின்றபோது, இங்கே எந்தச் சன்னல் ஓரத்தில் மேசை போட்டு எழுதியிருப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வெளியே தம்பியோடு நின்றார். நினைவில்லத்துக்கும் அவர் வரவில்லை.

அவர் மனைவியைப் பற்றியும் சொல்லவேண்டும். பெயர் எலைசா. நாகர்கோவிலில் பணியாற்றிய மால்ட் என்ற மிஷனரியின் மகள். அந்த ஊரிலேயே வளர்ந்ததால் தமிழ் அவருக்குப் பிள்ளைப் பருவ மொழி. 1844இல் திருமணம் நடந்தது. இடையன்குடிக்கு வந்தவுடன் பெண்பிள்ளைகளுக்குத் தங்கிப் படிக்கும் பள்ளி தொடங்கினார். அம்மா நாகர்கோவிலில் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலை மகள் இங்கே கற்றுக்கொடுத்தார். பெண் கையில் காசு பார்ப்பதே அதிசயமாக இருந்த காலத்தில் பெண்கள் பின்னிச் சம்பாதித்தார்கள். தம்பியின் ஆச்சி லேஸ் பின்னுவாராம். அவர் பின்னிய மேசை விரிப்பு ஒன்றை அவன் மனைவி பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

அந்தப் புத்தகம்

இனி அப்பாவின் கோபத்துக்கு வருகிறேன்.

1849ஆம் ஆண்டு கால்டுவெல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். எங்கள் மக்களை அன்று மற்றவர்கள் அழைத்த பெயரை, இன்று நாங்கள் ஏற்காத பெயரை, தலைப்பாகக் கொண்டது. எங்கள் மக்களின் சமயம், ஒழுக்கம், குணம் ஆகியவற்றை இங்கிலாந்து வாசகர்களுக்கு விளக்குவதாக எழுதப்பட்டது. பயணத்துக்கு முன் அதைத் தேடிப் படித்தேன். படித்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பனையேறும் உழைப்பை அவர் உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார். மரத்தின் பயன்களை வரிசையாக எழுதியிருக்கிறார். ஆனால் மனிதர்களைப் பற்றி எழுதும்போது பேனா வேறு மாதிரி ஓடுகிறது. சிந்தனையில் மந்தமானவர்கள், முன்னேற்றத்தில் பின்தங்கியவர்கள் என்ற தோரணை. கும்பிட்ட சாமிகளெல்லாம் பேய்கள். முன்னோர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள், இந்த மண்ணின் பூர்வகுடிகள் அல்ல என்ற கருத்து. வந்து எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதற்குள் ஒரு சமூகம் முழுவதுக்கும் மதிப்பெண் போட்டுவிட்டார்.

யாருக்காக எழுதினார் என்பதைப் பார்த்தால் தொனி ஏன் அப்படி என்று கொஞ்சம் புரிகிறது. சங்கத்துக்குப் பண உதவி செய்யும் இங்கிலாந்து மக்கள் படிக்கவேண்டும். இங்கே நிலைமை எவ்வளவு மோசம் என்று காட்டினால்தான் அங்கே கை நீளும். புரிகிறது என்பதற்காக வலிக்காமல் இருக்குமா?

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதைத் தாத்தா சொன்னதில்லை. அவருக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம்.

மிஷன் பள்ளிகளில் எங்கள் பிள்ளைகள் படித்தார்கள். தமிழ் படித்தார்கள், ஆங்கிலமும் படித்தார்கள். படித்தவர்கள் கையில் ஒருநாள் அந்தப் புத்தகமும் கிடைத்தது. தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களே படித்தார்கள். சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் அவர்களில் ஒருவர். மிஷனில் உபதேசியாராக இருந்தவர். மிஷனரிகளோடு அவருக்கு ஏற்கெனவே மோதல்கள் இருந்தன. இந்தப் புத்தகமும் சேர்ந்துகொண்டது. 1857இல் நாசரேத் பக்கத்தில் ஐரோப்பியர் கை இல்லாமல் இந்தியர்களே நடத்தும் தனிச் சபையைத் தொடங்கினார். 1880களில் அந்தப் புத்தகத்தை மறுத்து எங்கள் சமூகத்தவர் நூல்கள் எழுதினார்கள், மனுக்கள் அனுப்பினார்கள். சிந்தனையில் மந்தமானவர்கள் என்று யாரைச் சொன்னாரோ, அவர்கள் எழுத்திலேயே பதில் கொடுத்தார்கள். எழுதக் கற்றுக்கொண்ட இடம் அவருடைய பள்ளிகள்.

இதையெல்லாம் தம்பி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டே கேட்டார்.

"பதில் எழுதினாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"எழுதினாங்கப்பா. அவர் உயிரோட இருக்கும்போதே."

அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பினார். "ஏன்டா, இவ்வளவும் தெரிஞ்சுகிட்டா அவரைக் கோயிலுக்குள்ள வச்சுக் கும்பிடுறீங்க?"

தம்பி சிரிக்கவில்லை. "அவரை ஆரு பெரியப்பா கும்பிடுதா? சாமியத்தான் கும்பிடுதோம். அவரு எழுதினது தப்புதான், எங்க ஐயாவே சொல்லுவாவ. ஆனா பஞ்சத்துல எங்க வீட்டுல உயிரு தப்புனதும் அவரு காலத்துலதான்."

அவன் சொன்னது 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தை. 1877இல்தான் கல்கத்தாவில் கால்டுவெல்லையும், மற்றொரு சங்கத்தைச் சேர்ந்த சார்ஜன்ட்டையும் திருநெல்வேலிக்குத் துணைப் பேராயர்களாக அபிஷேகம் செய்தார்கள். பேராயரான கையோடு பஞ்ச நிவாரணம்தான் முதல் வேலையாக இருந்தது. அதையொட்டி ஆயிரக்கணக்கானோர் திருச்சபையில் சேர்ந்தார்கள். தம்பியின் குடும்பமும் அப்போது சேர்ந்ததுதான் என்று ஆச்சி சொல்வாராம். பக்தியால் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், பசியால் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று இன்று யார் பிரிக்க முடியும்? தம்பிக்கு அந்தக் கேள்வி பெரிதாகத் தெரியவில்லை. நான்கு தலைமுறையாகிவிட்டது; அது அவன் கோயில்.

முப்பத்து மூன்று ஆண்டுக் கல்

மறுநாள் காலை கோயிலுக்கு நானும் தம்பியும் புறப்பட்டோம். செருப்பை மாட்டிக்கொண்டு அப்பாவும் வந்தார். "வாசல் வரைக்கும் வரேன்" என்றார்.

பரிசுத்த திரித்துவ ஆலயம் அது. ஒரு சிற்றூரில் இவ்வளவு பெரிய கருங்கல் கட்டடத்தை எதிர்பார்க்கவில்லை. கூர்வளைவுச் சன்னல்கள், கல்லிலே செதுக்கிய வேலைப்பாடுகள். இங்கிலாந்தில் ஏதோ ஒரு பழைய ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து பனங்காட்டு நடுவே வைத்ததுபோல் இருக்கிறது. 1847இல் அடிக்கல் நாட்டி, 1880இல்தான் அர்ச்சிப்பு நடந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள். காசு வந்தால் வேலை நடக்கும், தீர்ந்தால் நிற்கும்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் வந்தார். ஐரோப்பியக் கட்டட வேலை அன்று இங்கே ஒரு கொத்தனாருக்கும் தெரியாது என்றார். படம் வரையத் தெரிந்த ஐயர், பூ வேலைப்பாட்டையெல்லாம் களிமண்ணில் செய்து காட்டுவாராம். அதைப் பார்த்துப் பார்த்து நம் ஆட்கள் கல்லில் செதுக்கினார்களாம்.

"கல்லு எங்கிருந்து வந்துச்சு?" என்று அப்பா கேட்டார். அதுவரை அவர் வாய் திறக்கவில்லை.

"வெளியூருதான். மாட்டு வண்டியில வந்துச்சும்பாவ. இங்க இறக்குனதும் தூக்குனதும் நம்ம சனம்தான். எங்க பூட்டன் இந்தக் கோயிலுக்குக் கல்லு சுமந்தாரு. சாயங்காலம் பனையேறிட்டு, பகல்ல கல்லு சுமப்பாராம்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வாசல் பக்கத்துச் சுவரில் கையை வைத்தார். உள்ளங்கை முழுவதும் கல்லில் படும்படி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். காலை வெயிலில் கல் இன்னும் சூடேறவில்லை. பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார். நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், பேசவில்லை.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. அப்பா ஒவ்வொரு தூணாகத் தொட்டுக்கொண்டே நடந்தார். பீடத்தின் அருகில் பெரியவர் நின்றார். கால்டுவெல்லின் உடல் இங்கேதான் இருக்கிறது.

பேராயரான பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. கொற்கை, காயல் ஆகிய பழைய துறைமுகங்களில் மண்ணைத் தோண்டி ஆராய்ந்தார். பேராயராவதற்கு முன்பே, 1875இல், ஒப்பிலக்கணத்தை விரிவாக்கி மறுபதிப்பு கொண்டுவந்திருந்தார். 1881இல் திருநெல்வேலி மாவட்டத்தின் சரித்திரம் எழுதினார். அதற்கு முன் பல ஆண்டுகள் தமிழ் விவிலியத்தைத் திருத்தும் குழுவிலும் உழைத்திருந்தார். கடைசிக் காலத்தில் தூத்துக்குடிக்குப் போய், 1891 தொடக்கத்தில் பொறுப்பை விட்டு விலகிக் கொடைக்கானலுக்குப் போனார். ஓய்வு அதிக நாள் நீடிக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் தேதி அங்கே காலமானார். எழுபத்தேழு வயது. இந்தியாவுக்கு வந்து ஐம்பத்து மூன்று ஆண்டுகள். உடலை மலையிலிருந்து இறக்கி இடையன்குடிக்கே கொண்டுவந்து, அவர் கட்டிய கோயிலில் அடக்கம் செய்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து எலைசாவும் அருகில் வந்து சேர்ந்தார்.

எங்கோ பிறந்தவரை இங்கே கொண்டுவந்து புதைத்திருக்கிறார்கள். தாத்தா இங்கே பிறந்து, கிள்ளானில் எரிக்கப்பட்டார். அதை நினைத்துக்கொண்டு நின்றேன். அப்பா என்ன நினைத்தாரோ, தெரியவில்லை. அவர் கையெடுத்துக் கும்பிடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. வேட்டியை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெரியவர் சொல்வதைக் கடைசிவரை கேட்டார்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது சொன்னார்: "கோயிலைப் பார்க்கத்தான் வந்தேன். அவரைப் பார்க்க வரல."

"சரிப்பா."

"நம்ம ஆளுக கட்டின கோயில்."

"ஆமாப்பா."

திரும்பி வந்த பிறகு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை நடக்கும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மற்ற நாட்களில் போவது நல்லது. அருகில் உவரிக் கடற்கரை இருக்கிறது. கொஞ்சம் தள்ளி மணப்பாடும் திருச்செந்தூரும் இருக்கின்றன. உடன்குடிக் கருப்பட்டி வாங்காமல் வராதீர்கள். நாங்கள் ஐந்து கிலோ வாங்கினோம்.

திருச்சி விமான நிலையத்தில் காத்திருந்தபோது அப்பா கேட்டார்: "அந்தப் புஸ்தகம் உன்கிட்ட இருக்கா?"

"எது? ஒப்பிலக்கணமா?"

"நம்மளப் பத்தி எழுதினது."

கைப்பேசியில் இருக்கிறது என்றேன். இங்கிலீஷ், பழைய நடை, அவரால் தனியாகப் படிக்க முடியாது என்றும் சொன்னேன்.

"நீ படிச்சு அர்த்தம் சொல்லு. தாத்தா படிச்சதில்ல. நானும் படிச்சதில்ல. எழுபது வருஷமா படிக்காமலேயே கோபப்பட்டுக்கிட்டு இருக்கோம். என்னதான் எழுதியிருக்கான்னு தெரிஞ்சு கோபப்படுறேனே."

இப்போது ஞாயிறு மாலைகளில் கிள்ளான் வீட்டில் அதுதான் நடக்கிறது. நான் ஒரு பக்கம் படித்துத் தமிழில் சொல்வேன். அப்பா ஒவ்வொரு வரிக்கும் நிறுத்துவார். "இது சரி, தாத்தாவும் இப்படித்தான் சொல்வார்" என்பார். அடுத்த வரியிலேயே, "இது பொய். எழுதிக்கோ" என்பார். பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றில் எழுதிக்கொள்கிறேன். இதுவரை பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது.

இது முடிந்ததும் ஒப்பிலக்கணத்தைத் தொடங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. "முதல்ல இதை முடி" என்கிறார். ஆனால் சென்ற வாரம் என்னிடம் கேட்காமலேயே, பக்கத்து வீட்டுத் தெலுங்கு மாமியிடம் மழைக்கு அவர்கள் என்ன சொல்வார்கள், மரத்துக்கு என்ன சொல்வார்கள் என்று விசாரித்து அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். வான, மானு என்று இரண்டு சொற்கள். பக்கத்தில் தமிழில் 'வான்', 'மரம்' என்று எழுதி, இடையில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.